மணியில் சுற்றிய துணி

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்குச் செய்தி வந்தது. வந்தபோது அது செய்தி என்றே எனக்கு உறைக்கவில்லை. அண்ணன் மகள் போனில், "சித்தப்பா, அப்பா இன்னும் எழுந்திருக்கல" என்றாள்.

நான் சிரித்தேன். "அடி சக்கை! விடு, தூங்கட்டும். இத்தனை வருஷத் தூக்கத்தையும் ஒரே நாள்ல தூங்கிடலாம்னு பார்க்கறார் போல."

அவள், "கை ஜில்லுனு இருக்கு சித்தப்பா" என்றாள்.

பாதிச் சிரிப்பில் என் வாய் அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன் நகரத்துக் குடிநீரை மேல்தொட்டிகளுக்கு ஏற்றும் நிலையத்தில் பம்பு ஓட்டுபவர். தரைக்கு அடியில் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. வரிசையாக மோட்டார்கள், சுவரில் அழுத்தம் காட்டும் மீட்டர்கள். கல்யாணமான புதிதில் இரவு முறைக்குப் போனவர் மகள் கல்லூரிக்குப் போகும்வரை அதிலேயே இருந்தார். அவருக்கு அது பிடித்தும் இருந்தது. "ஊர் தூங்கினா முள்ளு அசையாது. விடியக்காலைல எவனாவது குழாயத் திறந்தான்னா லேசா ஆடும். முதல்ல எழுந்திருக்கற சோம்பேறி யாருன்னு எனக்குத்தான் தெரியும்" என்பார்.

"ஊர்ல எவன் குழாயத் திறக்கறான்னு தெரியுது. பெத்த பொண்ணு எந்த வகுப்பு படிக்கறான்னு கேளுங்க, முழிப்பார்" என்பார் அண்ணி.

அவர் பகலில் தூங்கியதால் அந்த வீடு மௌனத்தில் தேர்ச்சி பெற்றது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை. இரும்பு அலமாரியை இரண்டு கையாலும் பிடித்து மூட வேண்டும். வாசல் மின்மணியின் கிண்ணத்துக்கும் அதை அடிக்கும் சுத்திக்கும் நடுவே பழைய துணியைச் சுற்றிச் செருகியிருப்பார்கள். அழுத்தினால் உள்ளே ஏதோ பூச்சி செத்துக்கொண்டிருப்பது போல ஒரு முனகல்தான் வரும். மகள் குழந்தையாக இருந்தபோதே சத்தமில்லாமல் அழக் கற்றுக்கொண்டாள் என்று அண்ணி சொல்வார். வேடிக்கையாகத்தான் சொல்வார், ஆனால் நாங்கள் யாரும் சிரித்ததில்லை. கடைசி அறைதான் அண்ணனுக்கு. அண்ணியும் மகளும் முன்னறையில் படுப்பார்கள்.

போன வருடம் இரவில் மட்டும் பம்புகள் தாமே ஓடித் தாமே நிற்கும்படி மாற்றினார்கள். இரவு முறை ஒழிந்தது, அண்ணனைப் பகலுக்குப் போட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவருடைய உடம்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இரவெல்லாம் விழித்துக் கிடந்தார். வானம் வெளுக்கும்போது கண் சொருகும். அதே நேரத்தில் கிளம்ப வேண்டும். நின்றபடியே தூங்கினார், பஸ்ஸில் தூங்கினார். ஒருநாள் மீட்டர் முன்னால் தூங்கிப்போக, மேல்தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் ஆறு ஓடியது. சக ஊழியர்கள் 'ஆந்தை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவே இல்லை, அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. பழைய அண்ணனாக இருந்தால் கூப்பிட்டவனுக்கு அதைவிடக் கேவலமாக ஒரு பெயர் வைத்திருப்பார். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கேட்டால், "ஒண்ணுமில்ல. எல்லாம் ரொம்ப தூரத்துல இருக்கற மாதிரி இருக்கு" என்பார்.

தூக்க மருத்துவர் ஒரு பெண்மணி. நானும் கூடப் போயிருந்தேன். "உங்க உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. அது இன்னும் நைட் ஷிப்ட்லயே இருக்கு. அதுக்குப் புரியற பாஷை வெளிச்சம் ஒண்ணுதான்" என்றார். முதலில் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னார். பிறகு பெரிய புத்தகம் ஒன்றின் அளவில் தட்டையான விளக்கு ஒன்றை எழுதிக் கொடுத்தார். தூங்கி எழுந்தவுடன் அதன் முன் கை நீட்டும் தூரத்தில் அரைமணி நேரம் உட்கார வேண்டும். உற்றுப் பார்க்கக் கூடாது. சாப்பிடலாம், பேப்பர் படிக்கலாம். எழும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவர வேண்டும். பொழுது சாய்ந்தபின் வீட்டில் விளக்குகளைக் குறைக்க வேண்டும். "லீவு நாள்லயும் அதே நேரத்துக்கு எழுந்திருக்கணும். அதுல மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது" என்று அண்ணியைப் பார்த்துத்தான் சொன்னார். யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சாப்பாட்டு மேசையில் அதை வைத்தார்கள். முதல் வாரம் தலைவலி, எரிச்சல். "என்னடி இது, பல்ப் கீழ வச்சு முட்டை பொரிக்கற மாதிரி பொரிக்கறீங்க?" என்றார்.

"பொரிஞ்சு வெளிய வந்தா சரி" என்றார் அண்ணி.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு ராத்திரி அண்ணி என்னைப் போனில் கூப்பிட்டார். பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்வது போல இருந்தது குரல். "தம்பி, உங்க அண்ணன் கொட்டாவி விட்டார்! ராத்திரிச் சாப்பாட்டுலயே தூக்கம் வந்துடுச்சு! நானும் பொண்ணும் சாப்பிடறத விட்டுட்டு அதையே பார்த்தோம்." பின்னால் அண்ணன் குரல் கேட்டது: "ஏன், டிக்கெட் போட்டுக் காட்டேன்!"

அந்தக் கிண்டலைக் கேட்டபிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அதன்பின் அவர் மளமளவென்று திரும்பி வந்தார். பத்து மணிக்குப் படுத்தார். அலாரம் அடிக்கும் முன்பே எழுந்தார். அலாரக் கடிகாரம் வேண்டாம் என்று முன்னறைக்கு மகளிடம் போனது. நிலையத்தில் ஆந்தையைச் 'சேவல்' ஆக்கினார்கள். அதற்கு அவர் பதிலுக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் விளக்கைச் சுவரில் மாட்டுவதென்று கிளம்பியிருக்கிறார். மேசையில் இடத்தை அடைக்கிறதாம். நிலையத்திலிருந்து டிரில்லிங் மெஷின் வாங்கிவந்து, ஒரு இரும்புச் சட்டத்தைச் சுவரில் வைத்துப் பென்சிலால் குறித்து, துளை போட்டு ஸ்க்ரூ முடுக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, "விளக்கக் குறைக்கற நேரமாச்சு. மிச்சம் நாளைக்கு" என்று வழக்கம்போலக் கடைசி அறையில் தனியாகப் போய்ப் படுத்துவிட்டார்.

ஞாயிறு காலை எழவில்லை.

இதை அண்ணி பலமுறை சொல்லிவிட்டார், ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில். மகள்தான் முதலில் கேட்டாளாம்: "அம்மா, அப்பாவ எழுப்பணும்ல? விளக்கு நேரம் ஆச்சே."

"ஒருநாள் தூங்கட்டும்டி. டாக்டரம்மா வந்து பார்க்கவா போறாங்க?"

அண்ணி கதவை விரல் அளவு திறந்து பார்த்தார். அண்ணன் எப்போதும் போலச் சுவர் பக்கம் திரும்பி ஒருக்களித்துப் படுத்திருந்தார். அண்ணி மனம் நிறைந்து கதவை மூடினார். உடனே அந்த வீட்டுக்குப் பழைய வித்தை எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அண்ணி குழாயடியில் துணியை விரித்துப் பாத்திரம் கழுவினார். குணமான அன்றைக்கு மகள் மணியிலிருந்து பிடுங்கிப் போட்டிருந்த துணியைத் தேடி எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி மறுபடி செருகினார். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்தபோது வாசலிலேயே விரலை உதட்டில் வைத்துத் திருப்பி அனுப்பினார். மகள் பழக்கதோஷத்தில் விளக்கைப் போட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து படித்தாள். இரண்டு பேரும் ஜாடையில் பேசிக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியதும் அண்ணிக்குச் சிரிப்பு வந்ததாம். "இந்த மனுஷன் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கல பாரேன்" என்று காதோடு சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போன் வந்ததும் நான் போய் மணியை அழுத்தினேன். முனகல் மட்டும் வந்தது. திரும்பத் திரும்ப அழுத்திவிட்டுத் தள்ளினால் கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல வெயில் நேரத்திலும் அந்த வெள்ளை வெளிச்சம் தனியாகத் தெரிந்தது. அதில் அண்ணியின் முகம், மேசையில் கவிழ்த்து வைத்த தட்டு, சுவரில் படிந்த துளைத்தூள் என ஒவ்வொன்றும் கொடூரமாகத் தெளிவாக இருந்தது. நான் செருப்பைக் கழற்றியபோது சத்தம் வராமல் கழற்றினேன். எதற்கென்று இப்போதும் தெரியவில்லை.

தெருமுனை மருத்துவர் வந்து பார்த்தார். இதயம் என்றார். உறவுக்காரர் ஒருவர் விளக்கைக் காட்டி, "கரண்ட் வெளிச்சத்த மூஞ்சில அடிச்சா இப்படித்தான் ஆகும்" என்று ஆரம்பித்தார். மருத்துவர் வெடுக்கென்று திரும்பி, "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார்.

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "காலைல எழுப்பியிருந்தா?"

"இல்லம்மா. விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிருக்கு. நீங்க கதவத் திறந்து பார்த்தப்பவே அவர் இல்ல."

அது ஆறுதலாக இருக்கும் என்றுதான் அவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணி அவர் கையை விட்டார்.

"அப்ப நான் காலைலேர்ந்து யாருக்காக அடிமேல அடி வச்சு நடந்தேன்?"

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மணியில் சுற்றியிருந்த துணியைப் பிடுங்கி எறிந்தார். பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் அழுத்தும்போது அது தெருக்கோடிவரை அலறியது.

இப்போது தூக்கம் போனது அண்ணிக்கு. பாத்திரங்களை வேண்டுமென்றே கீழே போடுகிறார், அலமாரியை அறைந்து சாத்துகிறார். தூக்க மருத்துவர் தானே போன் செய்து, "எப்பவும் எழுந்திருக்கற நேரத்துக்கே எழுந்திருங்க, வெளிச்சத்துல உட்காருங்க. துக்கம் போகாது. ராத்திரியாவது கொஞ்சம் தூங்குவீங்க" என்றாராம். "எனக்கு வேண்டாம் அந்த வெளிச்சம்" என்று அண்ணி போனை மகளிடம் கொடுத்துவிட்டார். மகள் வாதாடவில்லை. தினமும் காலையில் விளக்கைப் போட்டு அதன் பக்கத்தில் படிக்கிறாள், எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு.

நேற்று நான் போனபோது அண்ணி அதில் உட்கார்ந்திருந்தார். முதுகை விளக்குக்குக் காட்டிக்கொண்டு.

"அம்மா, முதுகால பார்த்தா கடிகாரத்துக்குத் தெரியாது" என்றாள் மகள்.

"போடி, உங்க அப்பன் மாதிரியே பேசு." ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினார். பாதி முகத்தில் வெளிச்சம் விழுந்தது.

நான் சுவரோரம் கிடந்த டிரில்லிங் மெஷினை எடுத்து, "அண்ணி, சட்டத்தை முடிச்சிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் தம்பி, சத்தம் வரும்" என்றார். சொன்னதும் கடைசி அறைப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மெஷினைக் கீழே வைத்தேன்.

சட்டம் மேலே இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிறது. கீழே இரண்டு இடத்தில் பென்சில் குறி மட்டும்தான் இருக்கிறது.