செக்போஸ்ட் அக்கா

டயர்க் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த அலுவலகம். படியேறும்போதே ரப்பர் வாசனை மூக்கில் ஏறும். இருந்த அறைகளில் ஒன்றில்தான் ஏசி. அதுவும் மனிதர்களுக்காக அல்ல, சர்வர் கணினிக்காக. மதியமானால் எல்லோரும் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். சர்வர் இரைச்சலுக்கு மேலே தொண்டை கிழியக் கத்திப் பேசிக்கொண்டு சாப்பிட்டதுபோல் பிறகு எங்கேயும் ருசித்துச் சாப்பிடவில்லை என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

ஆன்லைன் விளையாட்டு ஒன்றை நடத்தினார்கள். தீவுகள், படகுகள், மீன்பிடித்தல். கடலில் காலை நனைத்தறியாத முதலாளிக்குக் 'கேப்டன்' என்று பெயர் வந்தது அதனால்தான். மீன்களையும் அலைகளையும் வரைந்தவர் படக்காரர். அக்கா போன் எடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். யாரோ கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே புகுந்து, வருஷக்கணக்கில் சேர்த்த படகுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டதாக அழுபவர்களின் குரலைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் கேப்டன் முன்னால் போய் நின்றாள்.

"சார், கம்ப்யூட்டர் படிச்சுட்டு போன் எடுத்துக்கிட்டு இருக்கேன். அந்தக் கதவை நான் பார்த்துக்கறேனே."

அன்றிலிருந்து உள்நுழைவுப் பக்கம் அவள் பொறுப்பு. அவளைவிட இருபது வயது மூத்த கேப்டன் உட்பட எல்லோருக்கும் செக்போஸ்ட் அக்கா ஆனாள்.

அவள் போட்ட முதல் சட்டம் கறாரானது. கடவுச்சொல்லை ஐந்து தடவை தப்பாக அடித்தால் அந்தக் கணக்குக்கு ஒரு நாள் பூட்டு. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. "திருடன் அஞ்சாவது படியிலயே வழுக்கி விழுவான்" என்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, தவறான முயற்சிகளின் எண்ணிக்கை பால் பொங்குவதுபோல் மேலே ஏறியது. யாரோ ஒரு நிரலை ஏவிவிட்டிருந்தான். அது ஒவ்வொரு கணக்காகப் போய், மக்கள் வழக்கமாக வைக்கிற கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. சொந்தப் பெயர், பிறந்த வருஷம், ஒன்று இரண்டு மூன்று. போதாக்குறைக்கு, பெயரைத் தப்பாக அடித்தால் 'இப்படி ஒருவர் இல்லை' என்று அக்காவின் உள்நுழைவுப் பக்கம் நல்ல பிள்ளையாகச் சொல்லிவிடும். எந்தப் பெயர்கள் நிஜம் என்று சலித்துக்கொள்ள அவனுக்கு அதுவே வசதியாகிவிட்டது.

மத்தியானத்துக்குள் போன் அலற ஆரம்பித்தது. கேப்டன் ஓடிவந்தார்.

"திருடன் உள்ள வந்துட்டானா?"

"இல்ல சார். பூட்டு விழுந்துடுச்சு."

"அப்பாடா. நம்ம ஆளுங்க?"

"அவங்களுக்கும் சேர்த்துத்தான் சார் விழுந்திருக்கு."

கேப்டன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

போனில் வந்தவர்களில் ஒருவர் பஸ் டிரைவர். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எவனோ என் கதவைத் தட்டினதுக்கு, என்னை ஏம்மா வெளிய நிறுத்தறீங்க? சாயங்காலம் என் பொண்ணு விளையாட்டுக்குள்ள வருவா. வெளிநாட்டுல இருக்கா. நாளைக்கு ஆஸ்பத்திரியில சேர்றா, பிரசவத்துக்கு."

"போன்ல பேச முடியாதாங்கய்யா?"

"போன்ல மாமியார், மாமனார் எல்லாரும் பக்கத்துல இருப்பாங்க. நல்லா இருக்கேன்ப்பான்னு சொல்லிட்டு வச்சிடுவா. அங்க படகுல உக்காந்தாத்தான் மனசுல இருக்கறதச் சொல்லுவா."

பூட்டைத் திறக்க அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் பேசுவது அவர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? இப்படி உருகிப் பேசிக் கணக்கை வாங்கிக்கொண்டு போனவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள். சங்கேத எண்ணை மின்னஞ்சலுக்கு அனுப்பலாம் என்றால், அந்த மின்னஞ்சலையே மகள்தான் தொடங்கிக் கொடுத்தாளாம்; அதன் கடவுச்சொல் அவருக்குத் தெரியாது.

"முடியாதுங்கய்யா. மன்னிச்சுக்குங்க."

"சரிம்மா" என்று அவர் வைத்துவிட்டார்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. படக்காரர் தன் டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். "நீ தப்பா ஒண்ணும் செய்யலியே?"

"திருடனை நிறுத்தறேன்னு வீட்டுக்குச் சொந்தக்காரரை இல்ல தெருவுல நிறுத்திட்டேன்."

அங்கேயே உட்கார்ந்து சட்டத்தை மாற்ற ஆரம்பித்தாள். கணக்கைப் பூட்டுவதை எடுத்துவிட்டாள். தப்பாக அடித்தால் அடுத்த முயற்சிக்கு ஒரு நொடி காத்திருக்க வேண்டும். பிறகு இரண்டு, நான்கு, எட்டு. விரல் தடுமாறிய மனிதருக்கு அது பெரிதாக உறைக்காது; நிமிஷத்துக்கு ஆயிரம் போட்டுப் பார்க்கிற நிரலுக்கு மூச்சு நின்றுவிடும். ஒருவர் முன்பு உள்ளே வந்துபோன கணினியில் ஒரு சின்ன அடையாளத்தை விட்டுவைக்கிற வழக்கம் ஏற்கெனவே இருந்தது. அதுவரை யாரும் அதைச் சீண்டவில்லை. இனி அந்த அடையாளத்தோடு வரும் கணினிக்கு, வேறு எங்கிருந்தோ எவனோ செய்த தவறுகள் கணக்கில் சேராது. 'இப்படி ஒருவர் இல்லை' என்ற வாசகமும் போயிற்று. எது தவறினாலும் 'பெயரோ கடவுச்சொல்லோ சரியில்லை' என்ற ஒரே பதில்தான்.

மறுநாள் காலையில்தான் வேலை முடிந்தது. அதே காலை, காக்கிச் சட்டையோடு ஒருவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"நேத்து போன் பண்ணேனே, அந்த டிரைவர். நான்தான் நான். நல்லா பாத்துக்கங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க முகத்தை சர்வருக்குத் தெரியாதுங்களேய்யா. ஆனா உங்க கம்ப்யூட்டரைத் தெரியும். வீட்டுக்குப் போய் எப்பவும் போல உள்ள போய்ப் பாருங்க."

டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"திறந்துடுச்சும்மா. நேத்து வந்து ரொம்ப நேரம் காத்துக்கிட்டு இருந்திருக்கா. என் படகு நிறைய மீனு. 'அப்பா, பயமா இருந்துச்சு, அதான் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்'னு எழுதி வச்சுட்டுப் போயிருக்கா."

"இப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்களே?"

"ஆமா. பதில் எழுதிட்டேன். வந்து பார்க்கட்டும்."

பேரன் பிறந்த செய்தியை அடுத்த வாரம் அவரே கூப்பிட்டுச் சொன்னார். ஆனாலும் அந்த ஒரு சாயங்காலத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லையே என்ற உறுத்தல் அவளுக்கு இருந்துகொண்டே இருந்தது. நிரல்காரனும் சும்மா இருக்கவில்லை. கணினிகளை மாற்றி மாற்றி வந்தான். அவளும் எளிதான கடவுச்சொற்களை ஏற்க மறுத்தாள், கைபேசிக்குச் சங்கேத எண் அனுப்பினாள். அந்த இழுபறியிலேயே வருஷங்கள் ஓடின. இடையில் படக்காரரைக் கல்யாணமும் செய்துகொண்டாள்.

கைபேசி விளையாட்டுகள் பெருகிய பிறகு ஆட்கள் குறைந்தார்கள். கேப்டன் கடையைக் கட்ட முடிவு செய்தார். கடைசி நாள் பிற்பகல் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த அவளிடம் படக்காரர் கேட்டார். "உள்ள என்னதான் இருக்குன்னு ஒரு நாளாவது சுத்திப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. சோதனைக்காகப் போவாள், கதவு திறந்ததும் திரும்பிவிடுவாள். அன்றைக்கு முதல்முறையாகப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து ஒரு விளையாட்டுக்காரியாக உள்ளே போனாள். அவர் படகோட்டினார். பாறைத் தீவைத் தாண்டியதும், தண்ணீருக்கடியில் நீலக்கோடு போட்ட மீன்கள் கூட்டமாகத் திரும்பின.

"இதெல்லாம் நீங்க வரைஞ்சதா?"

"பின்ன? இத்தனை வருஷமா நீ எதைக் காவல் காக்கறதா நினைச்சே?"

"இன்னும் கொஞ்ச தூரம் போங்க" என்றாள் அவள்.