வகிடு விழுந்தால் ஆடு, முதுகு விழுந்தால் புலி

மார்கழியில் எங்கள் எஸ்டேட்டுக்குள் கால் வைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது தோல் உரித்த காப்பிப் பழத்தின் புளித்த வாடைதான். எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காடு மலையில் நாகலூருக்குப் பக்கத்திலிருந்த அந்த எஸ்டேட்டில் அம்மா பழம் பறிக்கப் போய்விடுவாள். பதினோரு வயதான எனக்கும், கூலிக்காரர் வீட்டு வரிசையான "லயனில்" அடுத்த ஊட்டுக்காரியான சரோஜாவுக்கும், சிமெண்டுக் களத்தில் காயும் கொட்டையை மாடு மிதிக்காமல் பார்த்துக்கொள்வதும், தூறல் விழுந்தால் கத்திக் கூப்பிடுவதும்தான் லீவு நாள் வேலை. உட்கார்ந்த இடத்திலேயே கரித்துண்டால் கோடு கீறி, பொழுதுக்கும் ஆடுபுலி ஆட்டம் ஆடுவோம். மூன்று பலாக்கொட்டை புலி, பதினைந்து காப்பிக் கொட்டை ஆடு. புலி தாண்டி ஆட்டை வெட்டும். ஆடுகள் சேர்ந்து புலிகளை அசையவிடாமல் மறித்துவிட்டால் ஆட்டுக்கு ஜெயம்.

நான் ஆடு மட்டும்தான் ஆடுவேன். மூன்றே மூன்றை வைத்துக்கொண்டு தாவித் தாவித் தின்கிற பிழைப்பில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது என்று வாய் கிழியப் பேசுவேன். எங்கள் களத்து வழக்கப்படி யாருக்கு எது என்பதை ஒரு காப்பிக் கொட்டையைச் சுண்டித்தான் முடிவு செய்ய வேண்டும். அதன் நடுக்கோடு, அதாவது "வகிடு", மேலே தெரிந்தால் சுண்டியவருக்கு ஆடு, முதுகு தெரிந்தால் புலி. முதுகு விழுந்தாலும் நான் அடம்பிடித்து ஆட்டைப் பிடுங்கிக்கொள்வேன், சரோஜாவும் விட்டுக்கொடுத்துவிடுவாள். மற்ற பிள்ளைகளோடு ஆடும்போது அவள் விழுந்ததை ஆடுவாள், ஒருநாள் ஆடு, ஒருநாள் புலி. எனக்கும் அவளுக்கும் பாதிக்குப் பாதி ஜெயம். நான் ஜெயித்ததை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பொங்கலுக்கு, கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர், பிள்ளைகளுக்கு ஆடுபுலிப் பந்தயம் என்றும், ஜெயிப்பவருக்குப் புதுக் குடை என்றும் சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கம் போயிற்று. வருகிற ஆனியில் ஆறாம் வகுப்புக்கு ஏற்காடு டவுனுக்கு நடக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் மாட்டும் "கொங்காடை"யோடு போய் நின்றால் டவுன் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் குடை எனக்கு வேண்டும்.

ஆனால் சுண்டுவதில் அடம் செல்லாது என்று ரைட்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கொட்டையை எடுத்து, அதன் முதுகைச் சிமெண்டில் வைத்து நாள் கணக்காகத் தேய்த்தேன். முதுகு தட்டையானால் அது அப்படியே படுத்து, வகிடு மேலே தெரியும் அல்லவா? அம்மா பார்த்துவிட்டு, அதைத் தேய்க்கிற நேரத்துக்குப் புலியை எடுத்து நாலு ஆட்டம் ஆடிப் பாரேன் சாமி என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

முதல் இரண்டு ஆட்டத்திலும் நாங்களே சுண்டிக்கொண்டோம், என் கொட்டை சொன்னபடி கேட்டது. கடைசி ஆட்டம் எனக்கும் சரோஜாவுக்கும். நான் கையை நீட்டுவதற்குள், பாழாய்ப்போன அந்த ரைட்டர் குவியலில் கைவிட்டு வேறொரு கொட்டையை எடுத்து எனக்காகச் சுண்டினார். முதுகு.

புலியை எப்படி நகர்த்துவது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆடுகளைப் போலவே மூன்றையும் ஒட்டி ஒட்டி வைத்தேன், சரோஜா கூடையைக் கவிழ்த்துக் கோழி பிடிப்பதுபோல அடைத்துவிட்டாள். ஆடு விழுந்திருந்தால் நான்தான் ஜெயித்திருப்பேன் என்று களமே கேட்கக் கத்தினேன், அழுதேன். அப்போதுதான் சரோஜா, கையில் வாங்கிய குடையைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அழுகாத புள்ள. இந்தா, நீயே ஆடு எடுத்துக்க. செயிச்சீன்னா கொட உனக்கு."

உட்கார்ந்தேன். என் ஆடு, எனக்குப் பழகிய ஆடு. ஆறு ஆடுகளை வரிசையாகத் தின்றாள். நான் வைக்கப் போகிற இடத்துக்கு அவள் புலி முன்னாலேயே வந்து நின்றது. எப்படி என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நானும் ஆடு வெக்கறவதான புள்ள. நீ எங்க வெப்பீன்னு தெரியாதா?"

அதுவரை பழி போட ஒரு கொட்டையாவது இருந்தது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. ஆனி பிறந்து மழை பிடித்ததும், பள்ளிக்கூடம் போகும் வழியில் அவள் குடையை விரித்து "உள்ள வா புள்ள" என்று தினமும் கூப்பிட்டாள். நான் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு பத்தடி முன்னால், புத்தகம் நனைய நனைய, நடந்தேன். அந்த வருஷம் முழுக்க நடந்தேன். நினைத்தால் இப்போதும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

பிறகு டீச்சர் படிப்புக்குச் சேலம் போனபோது, ஹாஸ்டல் தரையில் கோடு கீறி, விழுந்ததை ஆடப் பழகினேன். புலியும் நன்றாகவே வந்தது. யாரிடம் காட்ட?

போன வருஷம் மலைக்குப் போயிருந்தேன். களத்தை உடைத்துத் தங்கும் விடுதிக்குக் கார் நிறுத்துமிடம் ஆக்கியிருக்கிறார்கள். லயன் இருந்த இடத்தில் புல்தரை. கல்யாணமாகிக் கொட்டச்சேட்டுக்குப் போன சரோஜாவைத் தேடிப் போய், காகிதத்தில் வரைந்து கொண்டுபோன கட்டத்தை அவள் முன்னால் விரித்தேன். எது விழுந்தாலும் ஆடுகிறேன், பந்தயக் குடைக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கொடயுங்களா? எனக்கு ஆருங்க டீச்சர் கொட குடுத்தாங்க? இந்த ஆட்டமெல்லாம் நொம்ப நாளாச்சுங்க, மறந்தே போச்சு."

சொல்லிவிட்டு, டீச்சருக்குக் காப்பி போட உள்ளே போனாள். நாற்பது வருஷமாக நான் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தை விட்டு அவள் அன்றைக்கே எழுந்து போய்விட்டிருக்கிறாள்.