பஸ் திரும்பும் இடத்தில் ஓர் 'இ'

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீடு தெரு முடிகிற இடத்தில் இருந்தது. அதற்கப்பால் வயல்தான். ஆகவே கும்மிடிப்பூண்டிக்குப் போகும் கம்பெனி பஸ் எங்கள் வாசலில்தான் திரும்பியாக வேண்டும். அம்மா வேலைக்குப் போனதும் அதே பஸ்ஸில்தான். அச்சடித்த லேபிளை டப்பாவில் ஒட்டுகிற வேலை. கோலம் போட நேரமில்லை என்று வாசலிலும் ஒரு ஸ்டிக்கர் கோலத்தை ஒட்டிவைத்திருந்தாள்.

ஒரு மார்கழி முதல் நாள் அவளுக்கு என்ன தோன்றியதோ, கோலமாவுடன் தெருவில் இறங்கினாள். புள்ளி வைக்கவில்லை. ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு 'அ' எழுதினாள். வளைவில் தடித்து, முனையில் இளைத்து, வால் மட்டும் கொடியாக ஓடி இலை விட்டது. படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடக் கரும்பலகையில் தலைப்பை வண்ணச் சாக்பீஸால் எழுதுகிறவள் அவள்தானாம். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கைக்கு வேலையே இல்லை. எழுதி முடித்து, இடுப்பில் கைவைத்துப் பார்த்தபோது அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நான் அதுவரை பார்த்திராத முகம் அது.

"இன்னாக்கா, ஊட்டாண்ட இஸ்கூலு தொறக்கப் போறியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். நைனா, அதாவது என் அப்பா, போர்வைக்குள்ளிருந்தே, "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு, செத்த நேரம் தூங்குவியா" என்றார். மறுநாள் விடியும் முன்பே 'ஆ' வந்துவிட்டது.

எழுதியதன் மேல் பஸ் ஏறித் திரும்பும். அம்மா அதிலேயே ஏறிப் போவாள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, 'இ' வரும்வரை. அது என் பெயரின் முதல் எழுத்து. அதன் வயிற்றுக்குள் ஒரு கிளியை வேறு உட்காரவைத்திருந்தாள். என் எழுத்தின் மேல் எந்தச் சக்கரமும் ஏறக்கூடாது என்று முடிவு செய்தேன். எட்டு வயதில் எடுத்த முடிவுக்கு அப்பீலே கிடையாது. பாத்ரூம் கட்ட அடுக்கியிருந்த செங்கற்களைத் தூக்கிவந்து எழுத்தைச் சுற்றிக் கோட்டை கட்டினேன்.

பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஜன்னலெல்லாம் தலைகள்.

"யாருமா கல்லு வெச்சது? ஷிப்டுக்கு லேட்டாவுது" என்றார் டிரைவர். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். டிபன் பையோடு அம்மா வெளியே வந்ததும் எனக்குத் தெம்பு வந்தது. எழுதியவளே அவள்தானே, என் கட்சியில்தான் நிற்பாள்.

அவள் பையைக் கீழே வைத்தாள். செங்கற்களை ஒவ்வொன்றாக ஓரம் போட்டாள். என்னையும் ஓரம் போட்டுவிட்டு, "வாண்ணா, வா, ஒடிச்சி வா" என்று அவளே கைகாட்டினாள். முன்சக்கரம் கிளியின் மேல் ஏறியது.

"நீ போட்டதுதான? நீயே அழிக்கிறியே!" என்று கத்தி அழுதேன்.

"அழுவாத. நாளைக்குப் போட எனுக்கு எடம் வோணாமா?" என்று சொல்லிவிட்டு அம்மா பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தவள், பனி படர்ந்த கண்ணாடியில் விரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. என்னைச் சமாதானப்படுத்தத் தட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். சமாதானமாவது ஒன்றாவது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை வாசலில் 'ஈ' நின்றது, முந்தைய நாள் எழுத்தைவிடப் பெரிதாக. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கப் புள்ளியில் ஒரு பூசணிப்பூ, அந்தப் பக்கப் புள்ளியில் ஒரு பூசணிப்பூ. அதைப் பார்த்தும்கூட, கண்ணாடியில் விழுந்த அந்த இரண்டு தட்டும் எனக்கானவை என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.