பத்து நாளாகக் கொடுக்காத முத்தம்

எனக்கு மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் இருப்பது இங்கே பலருக்குத் தெரியும். எச்சிலில் பரவும் ஒரு வைரஸுக்கும் இந்த நரம்பு நோய்க்கும் தொடர்பு உண்டு என்ற ஆராய்ச்சிச் செய்தியைப் பத்து நாளுக்கு முன் படித்தேன்.

அன்றிலிருந்து ஆறு வயது மகள் யாழினிக்கு நான் முத்தமே கொடுக்கவில்லை. அவளுக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனி.

"எனக்கு இன்னாம்மா நோவு?" என்று நேற்று கேட்டாள்.

இன்று அவளையும் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி போய் டாக்டரிடம் கேட்டேவிட்டேன்.

"அந்த வைரஸ் எனக்கும் இருக்கும்மா. கிட்டத்தட்ட எல்லாருக்கும் வந்துட்டுப் போறதுதான். ரொம்பக் கம்மி பேருக்கு மட்டும் ஏன் இப்படி ஆவுதுன்னுதான் ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்காங்க. உங்க நோய் யாருக்கும் ஒட்டாது. கொழந்தைய தூக்கிக் கொஞ்சுங்க."

அங்கேயே அழுதுவிட்டேன். பயந்துபோய் என்னைக் கட்டிக்கொண்ட யாழினிக்குக் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தேன்.

திரும்பும்போது, மூங்கில்துறைப்பட்டு பஸ்ஸில் அவள் தின்றுகொண்டிருந்த கொய்யாவை வாங்கி ஒரு கடி கடித்தேன்.

"இன்னாம்மா, பாதிய தின்னுட்ட!" என்று கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

இன்னும் என்னோடு பேசவில்லை. புதுக் கொய்யா வாங்கிக் கொடுத்தும் எடுபடவில்லை. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.