பலாங்கொடை டாக்டரின் ஐந்து நிமிடம்

வியாழன், காலை 6.10. இரத்தினபுரியில் பலாங்கொடை பஸ் ஏறினேன். நாற்பத்துச் சொச்சம் கிலோமீற்றர், டிக்கட் நூற்றெண்பது ரூபா. இருபத்திரண்டு வருடமாக மருந்துக் கம்பெனி ரெப்பாக இந்த வழியில் போய் வருகிறேன். மருந்துப் பை கனத்த மடியில் இப்போது ஒரு டெப்லெட் கணினி. இனி டாக்டர்களை வீடியோவில்தான் சந்திக்க வேண்டுமாம்.

மற்ற டாக்டர்கள் எப்படியோ கேட்டுவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்து டாக்டர் மல்லிகா மட்டும் மூன்று முறையும் அரை நிமிடத்தில் அழைப்பை வெட்டிவிட்டார். நாளைக்குள் அவர் வீடியோவில் ஐந்து நிமிடம் கேட்காவிட்டால் என் வட்டாரம் கொழும்பு ஒஃபீஸுக்குப் போகும், நான் வீட்டுக்குப் போவேன். அதனால் வீடியோ பார்க்கச் சொல்லி நேரில் கெஞ்சப் போகிறேன். கூத்துத்தான்!

8.05. பலாங்கொடையிலிருந்து மலையேற ஒன்பது கிலோமீற்றர். ஆட்டோக்காரர் ஆயிரத்து இருநூறு கேட்டார்.

"மேல சிக்னல் இருக்குமா தம்பி?"

"ஹரி அமாருயி சேர், ரொம்ப கஷ்டம். தேயில ஸ்டோர் பக்கம் மட்டும் நல்லா எடுக்கும்."

10.40. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கடைசி நோயாளியும் போகும்வரை வழக்கம்போல் கதவோரம் நின்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்ததும் டையைச் சரிசெய்துகொண்டு இன்னும் விறைப்பாக நின்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"சிவராஜ், வீடியோவிலயும் இப்படித்தான் நிப்பீங்களா?"

"ஆமாங்க டாக்டர். உங்க முன்னால எப்படி உக்கார்றது?"

"அதான்! மூணு தடவையும் எனக்கு உங்க பெல்ட்டும் வயிறும்தான் தெரிஞ்சிச்சு. வயித்துக்கிட்ட என்னத்த பேசுறது? வெட்டிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெப்லெட்டை மேசையில் சாய்த்துவிட்டு, டாக்டர் முகம் வந்ததும் எழுந்து நின்றே பேசியிருக்கிறேன். திரையின் ஓரத்தில் தெரியும் என் படத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

"மத்த டாக்டர்மாரு ஒண்ணும் சொல்லலியா?"

"சிரிச்சாங்க டாக்டர். நான் சொன்ன மருந்து பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

அவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "ரெண்டு மணிக்கு ஸ்டோர் பக்கம் போவேன், அங்கிருந்து நானே வீடியோ கோல் எடுக்கிறேன். ஆனா உக்காந்து பேசணும்."

2.00. திரும்பும் பஸ் பெல்மடுல்லையைத் தாண்டியிருந்தது. டெப்லெட்டில் டாக்டர் முகம் வந்தது. என்னை அறியாமலே எழுந்துவிட்டேன்.

"பஹினவத? எறங்கப் போறீங்களா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல, இல்ல!" உட்கார்ந்தேன். முதுகெல்லாம் கூசியது. ஆனாலும் பிரஷர் மாத்திரை பற்றி ஆறு நிமிடம் உட்கார்ந்தபடியே பேசினேன். டாக்டர் இரண்டு கேள்விகூடக் கேட்டார். என் வட்டாரம் தப்பியது. பஸ்ஸிலேயே கத்தலாம் போல இருந்தது.

அழைப்பை வைப்பதற்கு முன் அவர் சொன்னார்: "பதினோரு வருசமா வர்றீங்க. எழுதிக்கிட்டே கேப்பேன், நிமிர்ந்து பாத்ததில்ல. உங்க மொகத்த இன்னைக்குத்தான் நல்லா பாக்குறேன் சிவராஜ்."

டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.