மதியத்தில் திறக்காத கார்கள்

முதலில் என் சாவியில்தான் கோளாறு என்று நினைத்தேன். மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் குடியிருப்பு. உள்ளே கார் நிறுத்த இடமில்லாததால் என் பழைய கார் வாசலில், தெருவோரமாகத்தான் நிற்கும். வீட்டிலேயே உட்கார்ந்து பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு, திருத்திய தாள்களோடு அச்சகத்துக்குக் கிளம்பினேன். ரிமோட்டை அமுக்கினால் கார் விளக்கைக்கூடச் சிமிட்டவில்லை. கண்ணாடியோடு ஒட்டிவைத்து அமுக்கியும் பயனில்லை. கடைசியில் சாவியையே கதவில் நுழைத்துத் திருப்பினேன். கதவு திறந்தது, கூடவே அலாரமும் அலற ஆரம்பித்தது. இன்ஜினைக் கிளப்பிய பிறகுதான் அடங்கியது. அதற்குள் மாடிகளிலிருந்து நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்துவிட்டன.

ராயப்பேட்டையில் கார் சாவி செய்து தரும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். மறுநாள் காலை அவர் கடைக்குப் போனேன். சாவியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, குட்டிக் கம்பி நீட்டிய ஒரு பெட்டியின் முன்னால் வைத்து அமுக்கினார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“சாவில ஒண்ணும் இல்ல மேடம். சூப்பரா கீது. வண்டிக்கு அமுக்கிப் பாருங்க.”

அமுக்கினேன். நாலு கதவும் டக்கென்று திறந்தன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து, மதியம், தெருவில் மறுபடி அலாரம். இந்தமுறை என் கார் இல்லை. தெரு முனையில் இருக்கும் கண் மருத்துவமனைக்கு வந்த ஒரு தம்பதியின் வண்டி. மனைவி கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, வெயில் பார்க்க முடியாமல் முந்தானையால் முகத்தை மூடியபடி நின்றாள். கணவர் சாவியைக் காற்றில் ஆட்டி ஆட்டி அமுக்கிக்கொண்டிருந்தார்.

“காலைல நல்லாத்தாங்க இருந்துச்சு!” என்றார் என்னிடம், நான் ஏதோ புகார் சொல்ல வந்தவள் போல.

இரண்டு கார், ஒரே தெரு, ஒரே நேரம். அன்று முதல் எனக்கு வேலை ஓடவில்லை. மெய்ப்புத் தாளின் பின்பக்கத்தில் குறித்துவைக்க ஆரம்பித்தேன். மணிக்கு ஒரு தடவை பால்கனியில் நின்று என் காரை அமுக்கிப் பார்ப்பேன். காலையில் திறக்கும், மாலையில் திறக்கும். மதியம் ஒன்றரையிலிருந்து மூன்றரைக்குள் மட்டும் பெரும்பாலும் திறக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாள் முழுக்க ஒழுங்காகத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமையை எந்த இயந்திரம் அறியும்?

பாயிடம் போனில் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ, “மதியம் மட்டுமா? நானே வர்றேன் மேடம், எனக்கே பாக்கணும் போல கீது” என்றார். மறுநாள் இரண்டு மணிக்கு, சாப்பாட்டை முடித்துவிட்டு, ஸ்கூட்டரில் பெட்டியோடு வந்து இறங்கினார்.

தெருவில் யாரும் எந்தச் சாவியையும் அமுக்கவில்லை. ஆனால் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

“எங்கியோ ஒண்ணு வுடாம கத்திக்கினு கீது மேடம். அது கத்துற சத்தத்துல நம்ம சாவி சொல்றது வண்டி காதுல வுழல.”

கம்பியைப் பெட்டிக்குள் தள்ளினார். அப்படிச் செய்தால் கிட்டத்தில் இருப்பது மட்டும்தான் தெரியுமாம். விளக்கு அணைந்தது. நாங்கள் இருவரும் மெல்ல நடந்தோம். எங்கள் வாசலில் எரியவில்லை. எதிர்ச்சாரிக்குப் போனதும் மினுக்கியது. எதிர் வீட்டின் தரைத்தள ஜன்னலுக்கு நேராகப் பளிச்சென்று நின்றது.

அந்த வீட்டில் இருப்பவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் துணிக்கடை வைத்தவர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஒன்பது வருடம் எதிரெதிரே இருந்தும் நான் அந்தக் கேட்டைத் திறந்ததில்லை. மணியடித்தேன். ஒரு பெண் கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்தாள். வேளச்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வந்து அந்த வீட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்பவள் என்று பிறகு தெரிந்தது.

“அம்மா தூங்குறாங்க. இன்னா வோணும்?”

பாய் பெட்டியைக் காட்டி விளக்கினார். அவள் நம்பாமல்தான் உள்ளே விட்டாள். கட்டிலில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் ஒரு கயிறு. அதன் நுனியில் வெள்ளையாக ஏதோ அவர் விலாவுக்கும் மெத்தைக்கும் நடுவே அமுங்கிக் கிடந்தது. ஆளைக் கூப்பிடுவதற்கான, கம்பியில்லா அழைப்பு மணியின் பொத்தான் அது; கார் சாவி மாதிரியே காற்றில் சேதி அனுப்புவது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து எட்டு மாதமாக அதைக் கழுத்தில் மாட்டியிருக்கிறாராம்.

“பொத்தான் அமுங்கினா மணி அடிக்கணுமே?” என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. சமையலறை மேடையில், பிளக்கிலிருந்து பிடுங்கிய மணி கிடந்தது.

எழுந்திருக்க முடியாதவர் இரண்டு மணி நேரம் கூப்பிட்டாலும் கேட்காதபடி செய்திருக்கிறாளே என்று கோபமாகவே கேட்டுவிட்டேன்.

“ஐய, நான் எங்கக்கா போனேன்? அவங்க காலாண்டதான் பாய் போட்டுப் படுத்துக்கினு கீறேன்.” கட்டிலடியில் விரித்திருந்த பாயைக் காட்டினாள். “தூக்கத்துல பொரண்டா பட்டன் அமுங்கிக்கும். மணி கத்தும். ராத்திரியெல்லாம் வலில தூங்காதவங்க, மதியம்தான் கண்ணசர்றாங்க. அதுவும் ஞாயித்துக்கெழம சொந்தக்காரங்க வந்துட்டா கெடையாது. அதான் புடுங்கி வெச்சேன்.”

“மன்னிச்சுக்கோ” என்றேன். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“யாரு? ஆளெல்லாம் வந்திருக்கிய?”

விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா பொத்தானைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இத வச்சா தெருவுல உள்ள காரெல்லாம் பூட்டுனேன்? என்ன சொல்லுதிய!”

பயந்துவிடுவாரோ என்று பார்த்தால், அவர் முகத்தில் சிரிப்பு பரவியது. தூங்கும்போது கயிற்றைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிடும்படி பாய் சொன்னார். அவ்வளவுதான் வைத்தியம். அன்றிலிருந்து மதியங்களில் கார்கள் திறந்தன.

கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் நாலாம் நாள் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து, “அம்மா கூப்புடுறாங்க” என்றாள். போனேன்.

“ஒரு விசயம் கேக்கணும். கேட்டா சிரிக்கக் கூடாது. அது எம்புட்டுத் தூரம் போச்சு?”

“எது அக்கா?”

“நான் அமுக்குனது. வாசக் கேட்டத் தாண்டி நான் போய் எட்டு மாசமாச்சு. அது எதுவரைக்கும் போயிட்டு வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்.”

எனக்கும் அதே கேள்வி இருந்தது, கேட்கத்தான் தோன்றவில்லை. காலை பதினொரு மணிக்கு, தெரு காலியாக இருக்கும் நேரம் பார்த்து, காரில் ஏறினேன். போனை ஸ்பீக்கரில் போட்டேன். நாலு வீட்டுக்கு ஒரு தடவை நிறுத்தி, இறங்கி, கதவைப் பூட்டுவேன். “அமுக்குங்க” என்பேன். என் சாவி வேலை செய்யாது. “விடுங்க” என்பேன். திறக்கும்.

“இப்ப எங்க நிக்கிய?”

“இஸ்திரி வண்டிகிட்ட அக்கா.”

“அந்த வேப்பமரம் இன்னும் இருக்கா?”

“இருக்கு. பாதி வெட்டிட்டாங்க. இப்ப அமுக்குங்க.” திறக்கவில்லை.

“அங்கயும் போயிட்டனா!”

இஸ்திரி போடுபவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் காரை நகர்த்தினேன். பழக்கடை வாசலில் திறக்கவில்லை. அடுத்த வீட்டில் ஒரு தடவை திறந்தது, ஒரு தடவை திறக்கவில்லை. மருந்துக்கடை முன்னால், அவர் அங்கே அமுக்கிக்கொண்டிருக்கும்போதே, கார் திறந்துகொண்டது.

“அவ்வளவுதான் அக்கா. மருந்துக்கடை வரைக்கும்.”

ஏமாந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

“சரி, இது கிழக்க” என்றார். “மேற்கயும் ஒருக்க பாத்துருவமா?”

நான் காரைத் திருப்பினேன்.