அந்தோணி அமுக்காத பட்டன்

வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஆலை வாட்ச்மேன் போன் செய்தார். "கோமதி, நம்ம அந்தோணி போயிட்டான் வே. மாரடைப்பாம்." கையிலிருந்த டீ கிளாஸை ரோட்டில் ஓங்கி அடித்து உடைத்தேன். கடைக்காரர் கெட்ட வார்த்தையில் திட்டினார். கேட்டுக்கொண்டு நின்றேன்.

நூலுக்குச் சாயம் ஏற்றும் ஆலையில் கருவிகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் இருவர் வேலை. அவன் கடற்கரைக்காரன், நான் ஆழ்வார்குறிச்சிக்காரன். சண்டை போடாத ஷிப்ட் கிடையாது. ஒருமுறை என் தலையைக் குறிவைத்து ஸ்பானரை வீசினான், குனிந்ததால் பிழைத்தேன். சாயத் தொட்டியின் பிரஷர் சென்சாருக்கு நான் அவசரமாக ஜீரோ வைத்ததுதான் காரணம். ஜீரோ பட்டனை அமுக்கினால், அப்போதிருக்கும் அழுத்தத்தையே கருவி பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்; அதனால் தொட்டியில் அழுத்தம் துளியும் இல்லாதபோதுதான் அதை அமுக்க வேண்டும். "ஏலே, மொதல்ல வால்வைத் தொறந்து ஆவிய விடு. உஸ்ஸுன்னு கேட்டு அடங்கணும். சத்தமே வரலன்னா அடைச்சிருக்குன்னு அர்த்தம், காலியா இருக்குன்னு இல்ல" என்று கத்தினான்.

பிறகொரு மத்தியானம். நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏறிக்கொண்டிருந்தது. சரக்கு உடனே இறங்க வேண்டும் என்று சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்தினார். வால்வைத் திறந்தேன், சத்தமில்லை. டிஸ்பிளே மட்டும் அழுத்தம் ஒன்றரை என்று காட்டியது. சென்சார்தான் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டி ஜீரோ பட்டனை அமுக்கினேன். உண்மையில் வால்வைப் பஞ்சுக் கசடு அடைத்திருந்தது; உள்ளே அழுத்தம் அப்படியே இருந்தது. அந்தோணி வந்தான், டிஸ்பிளேயில் பூஜ்யத்தைப் பார்த்தான், மூடியின் தாழை நீக்கினான். மூடி கூரைத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. நூல் இறக்கப் பக்கத்தில் நின்ற தொழிலாளி செல்லம்மாவை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, கொதிக்கும் சாயத்தை முகத்தில் வாங்கினான். தரையெல்லாம் சிவப்பு. எது சாயம், எது ரத்தம் என்று தெரியவில்லை. அவனுடைய வலது கண் அன்றோடு போனது.

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லி அழுதேன். "இங்கன வா லே" என்றான். குனிந்தேன். கட்டுப் போட்ட முகத்தோடு என் இடது காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான். காதுக்குள் ஏதோ கிழிந்தது. "இது என் கண்ணுக்கு இல்ல. செல்லம்மா பிள்ளையளத் தாயில்லாம ஆக்கியிருப்பியே, அதுக்கு." விசாரணைக்கு வந்தவர்களிடமோ, பட்டனை அமுக்கியது தான்தான் என்று சொன்னான். நான் தற்காலிக ஊழியன். உண்மை தெரிந்தால் அன்றே வெளியே போட்டிருப்பார்கள். "வாயத் தொறந்தே, அடுத்த காதும் போயிரும்" என்றான் என்னிடம்.

அடக்கத்தன்று அதே சூப்பர்வைசர், அந்தோணியின் மகள் ஜெசிந்தா காதுபடவே, "நல்ல மனுசன்தான். என்ன செய்ய, அவன் அசட்டையாலதான் கண்ணு போச்சு" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவர் சட்டையைப் பிடித்து மூக்கில் குத்தினேன். நாலு பேர் சேர்ந்து என்னை இழுத்தார்கள். குத்தத் தெரிந்த எனக்கு, அப்போதும் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. வெட்கக்கேடு.

அவனை அறிந்தவர்களே, இப்போது சொல்கிறேன். ஜெசிந்தா, உன் அப்பா தவறே செய்யவில்லை அம்மா. அந்தப் பட்டனை அமுக்கியது என் கை.

அந்தோணி, உன்னுடையதென்று என்னிடம் இருப்பது கேட்காத இந்த இடது காதுதான். வாயைத் திறந்துவிட்டேன். அடுத்த காதைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்; அடிக்கத்தான் நீ இல்லை.